சிடியை ஓரம் வையுங்கள்: லினக்ஸ் கணினியில் ஆல்-இன்-ஒன் பிரிண்டர்

பக்கத்து வீட்டு சார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். பேரனின் பள்ளி வேலைகளுக்கென்று போன மாதம் ஒரு பிரிண்டர் வாங்கினார். அச்சடிக்கும், ஸ்கேன் எடுக்கும், ஜெராக்ஸும் போடும். கடைக்காரர்கள் 'ஆல்-இன்-ஒன்' என்கிறார்களே, அந்த வகை. அவருடைய லேப்டாப்பில் லினக்ஸ் மிண்ட் போட்டுக் கொடுத்தவன் நான். அதனால் பெட்டி வந்த அன்று சாயங்காலமே கூப்பிட்டுவிட்டார். போய்ப் பார்த்தால், கையில் ஒரு சிடியை வைத்துக்கொண்டு லேப்டாப்பை நாலு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். "தம்பி, இதை எங்கே போடுறது?"

அந்த லேப்டாப்பில் சிடி போடும் இடமே கிடையாது. இருந்திருந்தாலும் பிரயோஜனம் இல்லை. உறையின் மேல் விண்டோஸ், மேக் என்று இரண்டு பெயர்கள்தான் அச்சாகியிருந்தன. "அப்போ நம்ம கம்ப்யூட்டருக்கு இது ஒத்துவராதா?" என்று முகம் வாடிவிட்டது அவருக்கு. "வரும் சார், சிடியை ஓரமா வைங்க" என்றேன். அரை மணி நேரத்தில் முதல் பக்கம் வெளியே வந்தது. அந்த அரை மணியில் லினக்ஸோடு செலவானது ஐந்து நிமிடம் இருந்தால் அதிகம். மீதியெல்லாம் வைஃபை பாஸ்வேர்டு எழுதிவைத்த டைரியைத் தேடியதில் போயிற்று.

லினக்ஸில் பிரிண்டர் என்றாலே வயிற்றைக் கலக்கும் காலம் ஒன்று இருந்தது உண்மைதான். அந்தப் பயம் இன்னும் பலருக்குப் போகவில்லை. ஆனால் இன்றைக்குக் கவனம் வேண்டிய இடம் வீட்டு நெட்வொர்க்தான். பிரிண்டரும் கணினியும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும்படி செய்துவிட்டால், பெரும்பாலும் மற்றது தானாக நடந்துவிடும். எப்படித் தானாக நடக்கிறது என்பதைக் கொஞ்சம் புரிந்துவைத்துக்கொண்டால், நடக்காத நாளில் எங்கே கைவைப்பது என்றும் தெரிந்துவிடும். லினக்ஸின் இரண்டு வகைகளான மிண்ட், உபுண்டு இரண்டையும் மனதில் வைத்து எழுதுகிறேன். கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலைத் திறக்க வேண்டிய அவசியம் எங்கும் வராது.

துபாஷி தேவைப்பட்ட காலம்

முன்பெல்லாம் ஒவ்வொரு பிரிண்டரும் தனக்கென்று ஒரு பாஷை பேசும். கணினிக்கு அது புரியாது. நடுவில் நின்று மொழிபெயர்க்க ஒரு ஆள் வேண்டும். கம்பெனிக்காரர்களுக்கும் ஊர்க்காரர்களுக்கும் நடுவில் அந்தக் காலத்தில் துபாஷி இருந்த மாதிரி. அந்தத் துபாஷிதான் டிரைவர். சிடியில் இருப்பது அதுதான். பிரிண்டர் கம்பெனிகள் விண்டோஸுக்கும் மேக்குக்கும் துபாஷியை அனுப்பிவைத்தன. லினக்ஸ் பக்கம் அனுப்பியது குறைவு. ஆர்வலர்கள் தாங்களாகவே அந்தப் பாஷையைக் கேட்டுக் கேட்டுக் கற்று டிரைவர் எழுத வேண்டியிருந்தது.

இங்கே ஒரு கிளைக்கதை. 1980 வாக்கில், அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வகத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அங்கிருந்த பழைய பிரிண்டரில் காகிதம் சிக்கினால், காத்திருப்பவர்களின் திரையில் செய்தி வரும்படி அதன் நிரலை அவர் மாற்றி வைத்திருந்தார். அப்புறம் ஜெராக்ஸ் நிறுவனத்தின் லேசர் பிரிண்டர் ஒன்று வந்தது. அதிலும் காகிதம் சிக்கியது. ஆனால் அதன் மூல நிரல் கிடைக்கவில்லை; வைத்திருந்தவரிடம் கேட்டும் தர மறுத்துவிட்டார்கள். யாரும் நிரலைப் பார்க்கலாம், மாற்றலாம், பகிரலாம் என்கிற கட்டற்ற மென்பொருள் என்ற எண்ணத்துக்கு இந்த அனுபவமும் ஒரு காரணம் என்று ஸ்டால்மனே சொல்லியிருக்கிறார். 1983-ல் அவர் க்னூ திட்டத்தை அறிவித்தார். இன்று லினக்ஸ் கணினிக்குள் இருக்கும் எத்தனையோ கருவிகள் அங்கிருந்து வந்தவை. ஆக, பிரிண்டரோடு மல்லுக்கட்டுவது இந்த உலகத்துக்குப் பரம்பரைச் சொத்து.

நிலைமை மாறியது செல்போனால். ஐபோனில் சிடியும் போட முடியாது, ஆயிரக்கணக்கான மாடல்களுக்கு டிரைவரை நிரப்பவும் முடியாது. 2010 நவம்பரில் ஆப்பிள் 'ஏர்பிரிண்ட்' என்ற முறையைக் கொண்டுவந்தது. போன் பிரிண்டரின் பாஷையைக் கற்காது, பிரிண்டர்தான் ஒரு பொதுப் பாஷையைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். ஆண்ட்ராய்டு பக்கத்தில் 2013-ல் கேனான், எச்பி, சாம்சங், ஜெராக்ஸ் நான்கும் சேர்ந்து 'மோப்ரியா' என்ற கூட்டமைப்பைத் தொடங்கின. அதே ஆண்டில் 'ஐபிபி எவ்ரிவேர்' என்ற திறந்த தரநிலையும் வந்தது. இவற்றுக்கெல்லாம் அடித்தளம் ஒன்றுதான், ஐபிபி என்கிற இணைய அச்சு நெறிமுறை. ஐபோனுக்குப் பாய்ச்சிய தண்ணீர் லினக்ஸுக்கும் பொசிந்தது. பிரிண்டரே பொதுப் பாஷை பேசுகிறபோது துபாஷி எதற்கு?

ஆகவே வாங்கும்போது பெட்டியில் 'லினக்ஸ்' என்ற சொல்லைத் தேடாதீர்கள், பெரும்பாலும் இருக்காது. ஏர்பிரிண்ட் அல்லது மோப்ரியா என்ற முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தைரியமாக வாங்கலாம். நான் யாருக்குப் பிரிண்டர் சொன்னாலும் முதலில் பார்ப்பது இதைத்தான். நிமிடத்துக்கு எத்தனை பக்கம் என்பதெல்லாம் அப்புறம்.

ஒரு பக்கம் எப்படி வெளியே வருகிறது

லினக்ஸில் அச்சு வேலை முழுவதையும் கவனிக்கும் மென்பொருளுக்குக் 'கப்ஸ்' என்று பெயர். மைக்கேல் ஸ்வீட் என்பவர் 1997-ல் எழுதத் தொடங்கியது. 2002-ல் ஆப்பிள் அதைத் தன் மேக் கணினிகளுக்கு எடுத்துக்கொண்டது. 2007-ல் விலைக்கே வாங்கிவிட்டது. இப்போது ஓப்பன்பிரிண்டிங் என்ற திட்டத்தினர் அதை வளர்த்துவருகிறார்கள். மேக் வைத்திருக்கும் நண்பர் லினக்ஸ் பிரிண்டிங்கைக் கிண்டலடித்தால், இரண்டின் வயிற்றிலும் இருப்பது ஒரே கப்ஸ்தான் என்று சொல்லிவையுங்கள்.

லிப்ரெஆபிஸில் ஒரு கடிதம் தட்டச்சு செய்து 'பிரிண்ட்' கொடுக்கிறீர்கள். அது முதலில் பிடிஎஃப் ஆகிறது. கப்ஸ் அதை வாங்கி வரிசையில் நிறுத்துகிறது. ரேஷன் கடை வரிசை மாதிரிதான். முன்னால் நிற்பவர் நகர்ந்தால்தான் அடுத்தவருக்கு இடம். இதற்குள் கப்ஸ் பிரிண்டரிடம் கேட்டு விவரம் தெரிந்துவைத்திருக்கும்: கலர் உண்டா, இரண்டு பக்கமும் அடிப்பாயா, எந்த அளவுக் காகிதம், எந்த வடிவத்தில் கொடுத்தால் புரியும். அந்தப் பதிலுக்கு ஏற்ப, பக்கத்தைப் புள்ளிப் புள்ளியான படமாக மாற்றுகிறது. ராஸ்டர் என்பது இந்தப் புள்ளிப் படம்தான். பிறகு நெட்வொர்க் வழியாக, பிரிண்டரின் 631 என்ற எண்ணுள்ள வாசலுக்கு அனுப்பிவைக்கிறது. அவ்வளவுதான்.

தமிழில் அச்சடிப்பவர்களுக்கு இதில் ஒரு நிம்மதி உண்டு. எழுத்தெல்லாம் கணினியிலேயே படமாகிவிடுவதால், பிரிண்டருக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டியதில்லை. 'கொ'வின் கொம்பு இடம் மாறுவது, துணைக்கால் தனியே தொங்குவது போன்றவை திரையில் இல்லையென்றால் காகிதத்திலும் வராது. பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பு ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிகிறதென்றால், அந்த எழுத்துரு உங்கள் கணினியில் இல்லை என்று அர்த்தம். பிரிண்டரை மாற்றினாலும் அது சரியாகாது. சந்தேகம் இருந்தால் முதலில் பிடிஎஃப்பாகச் சேமித்துத் திறந்து பாருங்கள். அது ஒழுங்காக இருந்தால் அச்சும் ஒழுங்காக வரும்.

முதலில் நெட்வொர்க், அப்புறம் லினக்ஸ்

நெட்வொர்க் பிரிண்டர் என்பது உண்மையில் ஒரு குட்டிக் கணினி. அதற்குள் ஒரு சிறு இணையதளமே ஓடிக்கொண்டிருக்கும். உங்கள் ரவுட்டர் வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் ஒரு கதவு எண் கொடுக்கிறது: 192.168.1.7 என்கிற மாதிரி. அதுதான் ஐபி முகவரி. பிரிண்டருக்கும் அப்படி ஒன்று கிடைக்க வேண்டும்.

திரை உள்ள பிரிண்டர் என்றால், அதன் மெனுவில் வைஃபையைத் தேர்ந்து பாஸ்வேர்டைத் தட்டினால் முடிந்தது. திரை இல்லாத மலிவான மாடலென்றால் இரண்டு வழி. ரவுட்டரில் டபிள்யூபிஎஸ் பொத்தான் இருந்தால் அதை அழுத்தி, இரண்டு நிமிடத்துக்குள் பிரிண்டரின் வைஃபை பொத்தானையும் அழுத்துவது ஒன்று. நிறுவனத்தின் செல்போன் செயலி மூலம் இணைப்பது இன்னொன்று. லினக்ஸ்காரர்கள் சிலர் இரண்டாவதைக் கௌரவக் குறைவாக நினைக்கிறார்கள். எனக்கு அப்படி எதுவும் இல்லை. செயலியை நிறுவி, வைஃபையில் ஏற்றிவிட்டு, செயலியைத் தூக்கிப் போட்டுவிடுவேன். வீட்டில் ரவுட்டருக்குப் பக்கத்திலேயே பிரிண்டர் வைக்க இடமும், பிரிண்டரில் லேன் துளையும் இருந்தால் இந்தத் தொல்லையே வேண்டாம். ஒரு கேபிளைச் செருகுங்கள், ஆயுசுக்கும் நிம்மதி.

இந்த இடத்தில் ஆட்கள் விழும் குழிகள் சில. மலிவான பிரிண்டர்களில் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையை மட்டும்தான் பிடிக்கும். ரவுட்டர் 2.4, 5 என்று இரண்டு பெயர்களில் வைஃபை காட்டினால், 5 பிரிண்டரின் பட்டியலில் வரவே வராது. லேப்டாப் 5-லும் பிரிண்டர் 2.4-லும் இருக்கலாம், தவறில்லை. ஒரே ரவுட்டராக இருந்தால் இரண்டும் பொதுவாக ஒரே நெட்வொர்க்தான். 'கெஸ்ட்' வைஃபையில் மட்டும் எதையும் சேர்க்காதீர்கள். விருந்தாளிகள் வீட்டுக் கருவிகளைத் தொடக்கூடாது என்பதற்காகவே அதைப் பிரித்துவைத்திருக்கிறார்கள். இன்னொன்று, பிரிண்டரே 'டைரக்ட்' என்று தொடங்கும் பெயரில் தனக்கென ஒரு வைஃபையைப் பரப்பும். லேப்டாப்பை அதில் இணைத்தால் அச்சு வரும், ஆனால் இணையம் போய்விடும். தற்காலிக உபயோகத்துக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம்.

என் வீட்டிலேயே நடந்த கூத்து ஒன்றைச் சொல்கிறேன். இணைய இணைப்புக் கொடுத்தவர்கள் வைத்துவிட்டுப் போன ஃபைபர் பெட்டி கூடத்தில் இருந்தது. மாடி அறைக்கு சிக்னல் எட்டவில்லை என்று பழைய ரவுட்டர் ஒன்றை அதோடு கேபிளால் இணைத்து மாடியில் வைத்திருந்தேன். பிரிண்டர் கூடத்து வைஃபையில், என் கணினி மாடி வைஃபையில். இரண்டிலும் இணையம் நன்றாக வந்தது. பிரிண்டர் மட்டும் தெரியவே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க கப்ஸை அழித்து அழித்து நிறுவினேன். கடைசியில் பார்த்தால் பிரிண்டரின் முகவரி 192.168.1-ல் தொடங்குகிறது, கணினியின் முகவரி 192.168.0-ல். அதாவது, ஒரே வீட்டில் இரண்டு தெரு. மாடி ரவுட்டரை, தனி நெட்வொர்க் உண்டாக்காமல் வைஃபையை மட்டும் பரப்பும் 'அக்செஸ் பாயிண்ட்' என்ற முறைக்கு மாற்றியதும் தெரு ஒன்றாகிவிட்டது, பிரிண்டரும் தெரிந்தது. அன்றைக்கு லினக்ஸைத் திட்டிய திட்டு எல்லாம் வீண்.

தெரு என்று சும்மா சொல்லவில்லை. பிரிண்டர் தன்னை எப்படி அறிமுகம் செய்துகொள்கிறது என்பதற்கு அதுதான் பொருத்தமான படம். தெருவில் கீரைக்காரம்மா கூவிக்கொண்டு வருவது போல, பிரிண்டர் நெட்வொர்க்கில் "நான் இங்கே இருக்கிறேன், கலர் அடிப்பேன், ஸ்கேனும் செய்வேன்" என்று கூவும். இதற்கு எம்டிஎன்எஸ் என்று பெயர். லினக்ஸில் இந்தக் கூவலுக்குக் காது கொடுக்கும் மென்பொருள் அவாஹி. மடகாஸ்கர் காட்டில் வாழும் ஒரு வகை லெமூர் விலங்கின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். அந்தக் கூவல் அடுத்த தெருவுக்குக் கேட்காது. ரவுட்டர் என்பது தெருமுனைக் கதவு; அதைத் தாண்டி இந்தச் சத்தத்தை அது அனுப்பாது. என் ஞாயிற்றுக்கிழமை போனது அந்தக் கதவால்தான்.

சேர்ப்பது

இந்தப் பகுதி சின்னது. மிண்ட் 21, அதாவது 2022-ல் வந்த பதிப்பு முதல், டிரைவர் இல்லாத அச்சும் ஸ்கேனும்தான் இயல்பு நிலை. இரண்டும் ஒரே நெட்வொர்க்கில் இருந்தால், மெனுவில் 'பிரிண்டர்ஸ்' என்பதைத் திறக்கும்போதே உங்கள் மாடலின் பெயர் அங்கே உட்கார்ந்திருக்கக்கூடும். உபுண்டுவில் செட்டிங்ஸுக்குள் அதே பெயரில் இருக்கும். வரவில்லையென்றால் 'ஆட்' பொத்தானை அழுத்தி, நெட்வொர்க் பிரிண்டர் பட்டியலில் தேடுங்கள். அதிலும் இல்லையென்றால் பிரிண்டரின் ஐபி முகவரியை நேரடியாகக் கொடுக்கலாம். அந்த முகவரி பிரிண்டரின் திரையில் நெட்வொர்க் விவரத்தில் இருக்கும். திரை இல்லாததில் ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்தால் விவரத் தாளை அச்சடித்துத் தரும். எந்தப் பொத்தான் என்பது கையேட்டில் இருக்கும். கேட்கும் இடத்தில் 'டிரைவர்லெஸ்' அல்லது 'ஐபிபி எவ்ரிவேர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பட்டியலில் ஒரே பிரிண்டர் இரண்டு முறை தெரிந்தால் பயப்பட வேண்டாம். ஒன்று தானாக வந்தது, மற்றது நீங்கள் சேர்த்தது. எது ஒழுங்காக அச்சடிக்கிறதோ அதை இயல்புப் பிரிண்டராக வைத்துக்கொள்ளுங்கள்.

சோதனைப் பக்கம் அடிக்கும் முன் காகித அளவைப் பாருங்கள். லினக்ஸை நிறுவும்போது மொழியை அமெரிக்க ஆங்கிலம் என்று விட்டிருந்தால், காகிதம் 'லெட்டர்' என்று இருக்க வாய்ப்பு அதிகம். அது 216-க்கு 279 மில்லிமீட்டர். நம் கடைகளில் கிடைப்பது ஏ4, 210-க்கு 297. கணினி லெட்டர் கேட்க, தட்டில் ஏ4 இருக்க, பிரிண்டர் விளக்கை மினுக்கிக்கொண்டு சும்மா நிற்கும். சார் வீட்டில் லினக்ஸ் பக்கம் வந்த ஒரே தடங்கல் இதுதான். ஏ4 என்று மாற்றியதும் ஓடியது. அப்படியே கருப்பு-வெள்ளையை இயல்பாக்கிவிடுங்கள். பேரன் விளையாட்டாக அச்சடிக்கும் கார் படங்களுக்கெல்லாம் கலர் மை போவது மிச்சமாகும்.

ஸ்கேனர் வேறு மெஷின்

புதியவர்கள் அதிகம் குழம்பும் இடம் இது. கண்ணுக்குப் பெட்டி ஒன்றுதான். லினக்ஸ் கண்ணுக்கு அது இரண்டு மெஷின்கள். அச்சைப் பார்த்துக்கொள்பவர் கப்ஸ். ஸ்கேனைப் பார்த்துக்கொள்பவர் 'சேன்' என்ற வேறொரு மென்பொருள். இருவரும் ஒரே வீட்டில் குடியிருக்கும் தனித்தனிக் குடும்பங்கள், சமையல் வேறு. அச்சு வந்துவிட்டது, ஆகவே ஸ்கேனும் வந்தே தீரும் என்று நினைக்கக்கூடாது. அச்சு வராவிட்டால் ஸ்கேனும் வராது என்று கைவிடவும் கூடாது. ஜெராக்ஸ் மட்டும் கணினியைக் கேட்பதே இல்லை. மூடியைத் திறந்து தாளை வைத்துப் பொத்தானை அழுத்தினால் போதும். ஜெராக்ஸ் நன்றாக வருகிறதென்றால் மெஷினின் உறுப்புகள் நன்றாக இருக்கின்றன என்று பொருள். கோளாறு எங்கே என்று தேடும்போது இந்தச் சோதனை கைகொடுக்கும்.

ஸ்கேனுக்கும் பொதுப் பாஷை வந்துவிட்டது. அதன் பெயர் இஎஸ்சிஎல். ஏர்பிரிண்ட் உள்ள ஆல்-இன்-ஒன்களில் பெரும்பாலானவை அதைப் பேசும். சேன் மென்பொருளோடு சேரும் 'சேன்-ஏர்ஸ்கேன்' என்ற துணுக்கு அதைப் புரிந்துகொள்ளும். மிண்ட்டிலும் உபுண்டுவிலும் 'டாக்குமெண்ட் ஸ்கேனர்' என்ற எளிய செயலி இருக்கிறது. திறந்தால் சில நொடிகளில் ஸ்கேனரைக் கண்டுபிடித்துவிடும். கண்ணாடி மேல் தாளை வைத்து 'ஸ்கேன்' அழுத்துங்கள். பல பக்கங்களை அடுத்தடுத்து எடுத்து ஒரே பிடிஎஃப்பாகச் சேமிக்கலாம். மேலே தாளை உள்ளிழுக்கும் தட்டு இருந்தால், ஸ்கேன் பொத்தானுக்குப் பக்கத்திலுள்ள அம்புக்குறியில் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் வெறும் கண்ணாடியைப் படமெடுத்துக் கொடுக்கும்.

பிரிண்டரின் முகப்பிலேயே 'கணினிக்கு ஸ்கேன்' என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தி ஏமாறாதீர்கள். கணினியில் அந்த நிறுவனத்தின் சொந்த மென்பொருள் காத்துக்கொண்டிருக்கும் என்று நம்பி வைத்த பொத்தான் அது. லினக்ஸில் பெரும்பாலும் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். ஸ்கேனை எப்போதும் கணினிப் பக்கத்திலிருந்தே தொடங்குங்கள்.

எந்தத் துல்லியத்தில் எடுப்பது என்று கேட்பார்கள். ஆவணங்களுக்கு 300 போதும். ஒரு அங்குலத்தில் 300 புள்ளிகள் என்று அர்த்தம். ஒரு ஏ4 தாள் அப்போது 2480-க்கு 3508 புள்ளிகள், மொத்தம் சுமார் 87 லட்சம். கலரில் ஒவ்வொரு புள்ளிக்கும் 3 பைட் என்றால், சுருக்காமல் வைத்தால் ஒரு பக்கமே 26 எம்பி. 600 என்று வைத்தால் அது நான்கு மடங்காகும். விண்ணப்பம் ஏற்றும் இணையதளம் சில நூறு கேபிக்குள் கேட்கும்போது விழி பிதுங்குவது இதனால்தான். எழுத்து மட்டும் உள்ள தாளை 150-ல், கருப்பு-வெள்ளையில் எடுத்தால் பிரச்சினை தீரும். தாத்தா காலத்து போட்டோவுக்கு மட்டும் 600-ஐ எடுத்துவையுங்கள்.

இன்னொரு விஷயம், எனக்கு மிகவும் பிடித்தது: டெசராக்ட் என்ற கட்டற்ற மென்பொருள் ஸ்கேன் செய்த தாளிலிருந்து எழுத்துகளைப் படித்துத் தரும், தமிழையும் படிக்கும். மென்பொருள் மேலாளரில் அதன் தமிழ்த் தரவைத் தனியே நிறுவ வேண்டும். ஜிஇமேஜ்ரீடர் என்ற செயலி வழியாகப் பயன்படுத்துவது சுலபம். அச்சுத் தெளிவாக இருந்தால் வியக்கவைக்கும். மங்கிய பழைய புத்தகமென்றால் திருத்த உட்கார வேண்டியதுதான்.

பழைய மெஷின் வைத்திருப்பவர்களுக்கு

பொதுப் பாஷை தெரியாத பழைய மாடல்களுக்கு இன்னும் துபாஷி வேண்டும். எச்பி மாடல்களுக்கு அந்த நிறுவனமே தரும் எச்பிலிப் தொகுப்பு மிண்ட், உபுண்டுவின் மென்பொருள் களஞ்சியங்களில் இருக்கிறது. சில மாடல்களுக்கு அதற்குமேல் மூல நிரல் வெளியிடாத ஒரு துணை நிரலையும், அதாவது பிளக்கினையும், இறக்கச் சொல்லும். எப்சன் இங்க்ஜெட்களுக்கு இஎஸ்சிபிஆர் என்ற டிரைவர் களஞ்சியத்திலேயே உண்டு. பிரதர் தன் இணையதளத்தில் லினக்ஸ் டிரைவர் தருகிறது, ஆனால் அச்சுக்கு ஒன்று, ஸ்கேனுக்கு வேறொன்று. இரண்டையும் நிறுவ வேண்டும். நம் ஊர்க் கடைகளில் நிறையப் புழங்கிய எச்பி லேசர்ஜெட் 1020 ஒரு விசித்திரப் பிறவி. மின்சாரம் போனால் தன்னை இயக்கும் உள் மென்பொருளான ஃபர்ம்வேரையே மறந்துவிடும். ஒவ்வொரு முறை இயக்கும்போதும் கணினிதான் அதை மறுபடி ஏற்ற வேண்டும். பிளக்கின் இல்லாமல் அது வெறும் பெட்டி.

புதிய மாடலை யூஎஸ்பி கேபிளில் இணைத்தாலும் இப்போது டிரைவர் தேவைப்படாமல் போகலாம். 'ஐபிபி-யூஎஸ்பி' என்ற சேவை அந்தக் கேபிளையே ஒரு குட்டி நெட்வொர்க் மாதிரி பாவித்து, அதே பொதுப் பாஷையில் பேசவைக்கிறது.

நகராத நாளில்

நேற்று வரை ஓடியது, இன்று அசையவில்லை. லினக்ஸைத் தொடும் முன், ஃபயர்பாக்ஸைத் திறந்து முகவரிப் பெட்டியில் பிரிண்டரின் ஐபி எண்ணைத் தட்டுங்கள். முன்னே சொன்னேனே, பிரிண்டருக்குள் ஒரு சிறு இணையதளம் ஓடுகிறது என்று. அது திறக்க வேண்டும். மை அளவு, காகித நிலை எல்லாம் அதில் தெரியும். திறந்தால் நெட்வொர்க் நலம், கோளாறு கப்ஸின் வரிசையில். திறக்காவிட்டால் கப்ஸை எத்தனை முறை நிறுவினாலும் பயன் கிடையாது.

திறக்காததற்கு அடிக்கடி நேரும் காரணம், கதவு எண் மாறிப்போவது. ரவுட்டர் தரும் முகவரி நிரந்தரமில்லை. கரண்ட் போய் வந்த பிறகு நேற்று 7 ஆக இருந்தது இன்று 12 ஆகலாம். ஐபி முகவரி கொடுத்துச் சேர்த்திருந்தால் கணினி இன்னமும் பழைய கதவையே தட்டிக்கொண்டிருக்கும். ரவுட்டரின் பக்கத்துக்குள் போய் பிரிண்டருக்கென்று ஒரு முகவரியை ஒதுக்கிவிடுங்கள். டிஹெச்சிபி ரிசர்வேஷன் என்று இருக்கும். அலுவலக நெட்வொர்க்கோடு இணைக்கும் விபிஎன் ஓடிக்கொண்டிருந்தாலும் வீட்டுப் பிரிண்டர் மறைந்துபோகலாம். அணைத்துவிட்டுப் பாருங்கள். ஃபயர்வாலை நீங்களே இயக்கியிருந்தால், கூவல் வரும் 5353 என்ற யூடிபி வாசலைத் திறந்துவைக்க வேண்டும்.

பிரிண்டரின் பக்கம் திறக்கிறது, அச்சுதான் வரவில்லை என்றால், பிரிண்டர்ஸ் ஜன்னலில் வரிசையைப் பாருங்கள். காகிதம் சிக்கிய நேரத்தில் கப்ஸ் வரிசையை நிறுத்திவைத்திருக்கும். தாளை எடுத்த பிறகும் அது தானாகத் தொடங்காமல் இருக்கலாம். வலது பொத்தானை அழுத்தி 'எனேபிள்' அல்லது 'ரெஸ்யூம்' கொடுங்கள். வரவில்லை வரவில்லை என்று பத்து முறை பிரிண்ட் கொடுத்திருந்தால், முதலில் அந்தப் பத்தையும் ரத்து செய்யுங்கள். இல்லையென்றால் வரிசை திறந்ததும் பத்துப் பிரதிகளும் வந்து விழும். அனுபவம்தான்.

பாதுகாப்பு பற்றி ஒன்று. 2024 செப்டம்பரில் சிமோனே மார்கரிடெல்லி என்ற ஆய்வாளர் கப்ஸின் துணைச் சேவைகளில் சில ஓட்டைகளை வெளியிட்டார். வெளியாள் ஒருவர் போலிப் பிரிண்டரைச் சேர்த்துவிட்டு, நாம் அதில் அச்சடிக்கும்போது தன் கட்டளையை ஓடவைக்க முடியும் என்பது அதன் சாரம். திருத்தங்கள் வந்துவிட்டன, அப்டேட்டுகளைத் தள்ளிப்போடாதவர்களுக்குக் கவலையில்லை. பிரிண்டரின் பக்கத்துக்கும் ஒரு பாஸ்வேர்டு வைத்துவிடுங்கள். வெளியூரிலிருந்து அச்சடிக்கலாமே என்று ரவுட்டரில் பிரிண்டருக்கு வெளிவாசல் திறந்துவிடும் யோசனை மட்டும் வேண்டவே வேண்டாம்.

சார் இப்போது யார் உதவியும் இல்லாமல் ஸ்கேன் எடுக்கிறார். போன வாரம் 1978-ஆம் ஆண்டு வகுப்புப் புகைப்படம் ஒன்றை 600-ல் எடுத்து எனக்கு அனுப்பினார். போனில் திறக்கவே ஒரு நிமிடம் ஆயிற்று. அந்த சிடியைக் கேட்டேன். பால்கனியில் புறா வராமலிருக்கக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறாராம்.